சர்வேயில் நல்ல மார்க், ஆனால் ஆள் நிற்கவில்லை. எதை அளப்பது?

"எங்கள் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் 300 பேர். ஊழியர் திருப்தி சர்வேயில் 5-க்கு 4.2 வந்தது. ஆனாலும் மாதாமாதம் ஆள் விலகிக்கொண்டே இருக்கிறார்கள். எதை அளப்பது, எங்கிருந்து சரிசெய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

திருப்பூர் வட்டாரத்தில் 18 வருடமாகப் பர்சனல் டிபார்ட்மெண்டில் இருக்கிறேன். முதலில் இதைச் சொல்லுங்கள்: படிவம் நிரப்பும்போது லைன் சூப்பர்வைசர் எங்கே நின்றார்? நான் முன்பு இருந்த கம்பெனியில் அவர்தான் பேப்பர் கொடுத்தார், அவரே திரும்ப வாங்கினார். 4.3 வந்தது. முதலாளிக்குச் சந்தோஷம், எனக்கும்தான்.

உண்மை கிடைத்தது முதலுதவி அறை நோட்டில். மே மாதம். தலைவலி, அடிவயிற்று வலி, நீர்க்கடுப்பு என்று ஒரே தையல் லைனிலிருந்து திரும்பத் திரும்ப அதே பெயர்கள். லைனுக்குப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு மிஷின் பக்கத்திலும் தண்ணீர் பாட்டில் இருந்தது, மதியம் மூன்று மணிக்கும் கழுத்துவரை நிறைந்தபடி. ஓவர்லாக் தையல் மிஷினில் இருந்த அக்காவிடம் கேட்டேன். "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகோணுமுங்க சார். நாப்பது பேத்துக்கு டோக்கன் ரெண்டுதானுங்க. போயிட்டு வாரதுக்குள்ள பீஸ் குவிஞ்சுபோயிரும், அப்பறம் பேச்சு வாங்கோணும்" என்றார். எங்கள் 32 கேள்விகளில் பாத்ரூம் என்ற சொல்லே கிடையாது.

டோக்கன் கையில் இருந்தால்தான் பாத்ரூம் போகலாம் என்ற அந்த முறையை ஒழிக்க ஒன்றரை மாதம் போராடினேன். யார் எழுந்து போனாலும் அந்த மிஷினில் உட்கார லைனுக்கு ஒரு டைலரைக் கூடுதலாகப் போட்டோம். அடுத்த கோடையில் நோட்டில் நீர்க்கடுப்பு அபூர்வமாகத்தான் தென்பட்டது.

அதனால் ஏற்கெனவே கையில் இருக்கும் பதிவேடுகளை முதலில் எடுங்கள். சேர்ந்து 90 நாளுக்குள் வேலையை விட்டு நின்றவர்கள் எத்தனை பேர், எந்த லைன்? சம்பளத்துக்கு மறுநாள் வருகை எப்படி? தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்களில் யார் திரும்பவில்லை? ஒரு லைனில் மட்டும் ஆள் விலகினால் பெரும்பாலும் சூப்பர்வைசர் பிரச்சினை. எல்லா லைனிலும் என்றால் கூலி, ஹாஸ்டல், பஸ் என்று பாருங்கள்.

சர்வேயைத் தூக்கிப்போட வேண்டாம், கேள்விகளைத் தரைக்குக் கொண்டுவாருங்கள். காலப் (Gallup) என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனம் ஊழியர் சர்வேக்கு வைத்திருக்கும் 12 கேள்விகளில் ஒன்று, வேலைக்கு வேண்டிய கருவி கையில் இருக்கிறதா என்பது. தையல் லைனில் அதற்கு அர்த்தம் ஊசி. ஊசி உடைந்தால் உடைந்த துண்டையெல்லாம் தேடி ஒப்படைத்த பிறகுதான் புதுசு தருவார்கள். டார்கெட் மட்டும் நிற்காது. "ஊசி உடைந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள், அந்த நேரத்தை டார்கெட்டில் கழிக்கிறார்களா?" என்று கேளுங்கள். 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு "இந்த நிறுவனத்தைப் பரிந்துரைப்பீர்களா" என்று கேட்பதைவிட, "உங்கள் தங்கச்சியை இங்கே சேர்த்துவிடுவீர்களா, ஏன்?" என்பது எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஒடிசா, பீகார் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் மொழி தெரிந்தவர் கேட்க வேண்டும். தமிழ்ப் படிவத்தில் பக்கத்து ஆளைப் பார்த்து டிக் அடிப்பார்கள்.

அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் என்ற தொலைபேசிக் கருவிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலையில் 1928 முதல் 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பேட்டி கண்டார்கள். பட்டியல் போட்டுக் கேள்வி கேட்டுத் தொடங்கியவர்கள், பாதியிலேயே அதை விட்டு, தொழிலாளர்கள் நினைத்ததைப் பேசட்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். வாரம் நான்கு பேரோடு கேன்டீனில் உட்கார்ந்தால் நீங்களும் அதைச் செய்யலாம்.

கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். 15 நாளுக்குள், வருகை பதியும் பஞ்சிங் மிஷின் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்: எது சரியாகிவிட்டது, எது எப்போது ஆகும், எது முடியாது, ஏன். முடியாததையும் எழுதினால்தான் மறுமுறை வாய் திறப்பார்கள்.

கடைசி ஆறு மாதத்தில் வேலையை விட்டு நின்றவர்களை லைன் வாரியாகப் பிரித்துக் கமெண்டில் போடுங்கள், சேர்ந்த தேதியோடு. பெயர் வேண்டாம். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.