பொன் நம் வீட்டில், மண் எந்த ஊரில்? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நகை, புடவை, செருப்பு, பை. முகூர்த்தக் காலம் வருகிறது, புரிகிறது. கடைக்காரர் 'பசுமை' என்கிறாரே, நம்பலாமா என்பதுதான் ஏதோ ஒரு வடிவில் எல்லாருக்கும் சந்தேகம். ஆந்திர எல்லைப் பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டதை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

குப்பத்திலிருந்து ஒரு வாசகி: மகளுக்குத் தை மாதம் கல்யாணம். பெங்களூரில் ஒரு பெரிய கடையில் 'நூறு சதவீதம் மறுசுழற்சித் தங்கம், பூமிக்கு நல்லது' என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். சேதாரம் மட்டும் மற்ற நகையைவிட நாலு சதவீதம் கூட. மகள் அதுதான் வேண்டும் என்கிறாள். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம் அம்மா. நான் சொன்னதாகவே மகளிடம் சொல்லுங்கள்.

தங்கத்தை யாரும் எந்தக் காலத்திலும் குப்பையில் போட்டதில்லை. பாட்டியின் காசுமாலை அம்மாவுக்கு வளையலாகி, பேத்திக்குச் சங்கிலியாவது நம் வீடுகளில் என்றைக்கும் நடப்பதுதான். உலக அளவிலும் ஒவ்வொரு வருஷமும் சந்தைக்கு வரும் தங்கத்தில் சுமார் கால் பங்கு பழசை உருக்கியது. மீதி, வருஷத்துக்கு 3,600 டன் வாக்கில், சுரங்கத்திலிருந்து வருவது. ஒரு கடை அந்தக் கால் பங்கிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துத் தனி ஷோகேஸில் அடுக்கினால், பக்கத்துக் கடைக்கு அந்த அளவு சுரங்கத் தங்கம் போகும், அவ்வளவுதான். தோண்டுவது ஒரு கிராம்கூடக் குறையாது. அதோடு 'மறுசுழற்சி' என்பதன் வரையறையே பல இடங்களில் தொளதொள. சுரங்கத்திலிருந்து வந்ததை ஒரு முறை வளையலாக வார்த்து, மறுநாள் உருக்கி, பழைய தங்கம் என்று கணக்கெழுதினால் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? பண்டோரா போன்ற பெரிய நகைக் கம்பெனி, புதிதாகத் தோண்டிய வெள்ளி, தங்கம் இரண்டையும் வாங்குவதை நிறுத்திவிட்டதாக 2024 தொடக்கத்தில் வெளிப்படையாக அறிவித்தது. சொன்ன சொல்லுக்கு நாளைக்கு யாராவது கணக்குக் கேட்கலாம். நீங்கள் பார்த்த கடையில் இருப்பது ஒரு போர்டு.

தோண்டுவது என்றால் என்ன என்று உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா? ரயிலேறிப் பங்காரப்பேட்டையில் இறங்கினால் கோலார் தங்கவயல் எட்டும் தூரம்தான். குடியாத்தம், சித்தூர் பக்கமிருந்து அந்தக் குழிக்குள் இறங்கிய குடும்பங்கள் எத்தனை! 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி கடைசியில் மூடும்வரை எடுத்த தங்கம் ஏறக்குறைய 800 டன். அரைத்து, சயனைடு போட்டுப் பொன்னைப் பிரித்த பிறகு கொட்டிய சக்கை மண் மூன்று கோடி டன்னுக்கு மேல் இன்னும் ஊருக்குள்ளேயே மேடு மேடாகக் கிடக்கிறது. வகுத்துப் பாருங்கள்: ஒரு கிராமுக்கு நாற்பது கிலோ. ஒரு சவரனுக்கு முந்நூறு கிலோவுக்கு மேல். உங்கள் மகளுக்கு நீங்கள் போடும் பத்துச் சவரனுக்கு மூன்று டன் மண், ஒரு சின்ன லாரி லோடு. நகை பெங்களூருக்கும் லண்டனுக்கும் போனது, சயனைடு மேடு தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைக்காரர்களுக்கு. காற்றடிக் காலத்தில் அந்தப் புழுதி வீட்டுக்குள் வந்து படிவதை அங்கே சம்பந்தம் செய்தவர்கள் சொல்வார்கள்.

சரி, என்ன செய்யலாம்? பீரோவில் கிடக்கிற பழசை எடுங்கள். அறுந்த சங்கிலி, ஒற்றைத் தோடு, யாரும் போடாத நெளி மோதிரம், எல்லாம்தான். கல்லையும் அரக்கையும் நீக்கிவிட்டு எடை போட்டு, டச் (எவ்வளவு சுத்தம் என்று) பார்த்து, உங்கள் கண்ணெதிரே உருக்கச் சொல்லி, உருக்கிய கட்டியை மறுபடி எடை போட்டு எழுதி வாங்குங்கள். அதிலேயே நகை செய்யச் சொல்லுங்கள். மாற்றுக் குறைந்திருந்தால் கொஞ்சம் சுத்தத் தங்கம் சேர்த்தால் போதும். கடையில் மாற்றிக் கொடுத்தால் உங்கள் பழசு ஏதோ ஒரு பட்டறைக்குப் போய், நைட்ரிக் ஆசிட்டில் வெந்து, பழுப்புப் புகையாகக் கொஞ்சம் அந்தத் தெருப் பிள்ளைகளின் மூக்குக்குள்ளும் போய்விட்டுத்தான் திரும்பும். சொந்தத் தங்கத்தில் செய்து போட்டால் அந்த அளவுக்குப் புதுத் தங்கம் யாரும் வாங்கவில்லை என்று அர்த்தம். தோண்டுவது குறைய இது ஒன்றுதான் வழி. சேதாரமும் பத்தரிடம் பேசிக் குறைக்கலாம், பெரிய கடையில் அது நடக்காது.

பரதராமியிலிருந்து ஒரு வாசகர்: ஹால்மார்க் இருந்தால் நல்ல வழியில் வந்த தங்கம் என்று அர்த்தமா?

இல்லை ஐயா. பி.ஐ.எஸ். என்ற அரசுத் தர அமைப்பின் முத்திரை, 22K916 என்ற மாற்று, ஒவ்வொரு நகைக்கும் தனியாக உள்ள ஆறு எழுத்து-எண் அடையாளமான எச்.யு.ஐ.டி., இந்த மூன்றும் சொல்வது சுத்தத்தை மட்டும். 2023 ஏப்ரல் 1 முதல் எச்.யு.ஐ.டி. இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைக்காரர் விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த ஆறையும் அடித்தால் எந்தக் கடை பதிவு செய்தது, எங்கே சோதித்தது என்று வரும். எந்தக் குழியிலிருந்து வந்தது என்று வராது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஆற்றோரத்தில் பாதரசம் கலந்து பொன் பிரிக்கிறார்கள். மனிதர் செயலால் உலகக் காற்றில் சேரும் பாதரசத்தில் மிகப் பெரிய பங்கு அந்தச் சிறு சுரங்கங்களுடையதுதான். அந்தத் தங்கமும் உருகி வந்தால் 916 முத்திரை அழகாகவே விழும்.

பேரணாம்பட்டிலிருந்து ஒரு வாசகி: வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் இருக்கிறார். பெங்களூரில் படிக்கும் மகன் தோல் பொருளே பாவம், 'வீகன் லெதர்'தான் சுத்தம் என்று அப்பாவோடு சண்டை போடுகிறான். யார் பக்கம் நியாயம்?

அப்பா பக்கம் பாதி, மகன் பக்கம் பாதி என்று நழுவலாம். நழுவாமலே சொல்கிறேன்.

'வீகன் லெதர்' என்று கடையில் விற்பதில் பெரும்பாலானது துணிமேல் பூசிய பாலியூரித்தேன் அல்லது பி.வி.சி. பெட்ரோலியப் பிளாஸ்டிக். இரண்டு வருஷத்தில் தோலுரிந்துவிடும், மண்ணில் மக்காது. அன்னாசி நார், ஆப்பிள் தோல் என்று சொல்லி வருவதிலும் மேல்பூச்சு பல சமயம் அதேதான். மகனிடம் அந்தப் பையின் லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் நம் பக்கத்துத் தோல் சுத்தம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வெளிநாட்டில் பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கும் ஷூவின் தோல் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பதப்பட்டது என்பதில் நமக்குப் பெருமை உண்டு, அது நியாயமான பெருமைதான். ஒரு கிலோ தோல் பதப்பட முப்பத்தைந்து லிட்டர் வாக்கில் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் குரோமியத்தோடும் உப்போடும் எங்கே போனது? பாலாற்றுக்கு. வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போயிருந்தது என்ற ஆய்வை எடுத்துச் சொன்னது. மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அது ஒன்று. 2025 ஜனவரியில் மறுபடி உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக இழப்பீடு, சீரமைப்பு என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆந்திராவில் தடுப்பணை கட்டுகிறார்கள் என்றால் நமக்கு வருகிற கோபத்தில் கால்வாசி, வாணியம்பாடிக்குக் கீழே நாமே ஊற்றியதைப் பற்றி வந்ததில்லை. (இதற்குத் திட்டிக் கடிதம் வரும். வரட்டும்.)

வீட்டுக்காரர் வேலையை விட வேண்டியதில்லை. குரோமியம் வருமுன் இதே ஊர்களில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத்தான் பதப்படுத்தினார்கள். இன்றைக்கும் வாட்டில் மரப்பட்டையும் கடுக்காயும் போட்ட ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் கிடைக்கிறது, புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. செலவும் நாளும் கூடப் பிடிக்கும். அந்தத் தோலில் ஒரு செருப்பு வாங்கி, தையல் விட்டால் தைத்து, அடி தேய்ந்தால் மாற்றிப் பத்து வருஷம் போடட்டும் மகன். குரோம் தோல்தான் வாங்குவது என்றால், கழிவுநீர் எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்று கம்பெனியில் கேட்கலாம். உள்ளே இருக்கும் அப்பாவுக்கே பதில் தெரியும், சண்டையை விட்டுவிட்டு அவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

சித்தூரிலிருந்து ஒரு வாசகர்: மனைவிக்கு ஏழு கல் பேசரி (மூக்குத்தி) வாங்க ஆசை. 'லேப் வைரம்' மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அது வைரமா? பூமிக்கு நல்லதுதானா?

வைரமேதான். கார்பன், அதே கட்டமைப்பு, அதே கடினம். மீத்தேன், ஹைட்ரஜன் வாயுக்களைச் சூடான அறைக்குள் விட்டு ஒரு சின்ன வைர விதையின்மேல் அடுக்கடுக்காக வளர்க்கிறார்கள். இன்னொரு முறையில் பேரழுத்தம் கொடுக்கிறார்கள். மத்திய அரசு 2023 பட்ஜெட்டில் அந்த விதைக்குச் சுங்க வரியை எடுத்துவிட்டு, ஐ.ஐ.டி. மெட்ராஸுக்கு ஆராய்ச்சிப் பணமும் கொடுத்தது.

மண் தோண்டவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த அறை நாள்கணக்கில் மின்சாரம் குடிக்கும், நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரி. ஆகவே கடைக்காரரிடம் 'எந்தக் கரண்டில் வளர்த்தது' என்று கேளுங்கள். முழிப்பார். சோலார், காற்றாலை என்று எழுத்தில் கொடுத்தால் மேலே பேசலாம். விற்கப் போனால் விலை கிடைக்காது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஆசைக்குப் போடுவதற்குச் சரி, அவசரத்துக்கு அடகு வைக்கலாம் என்ற எண்ணத்தில் வேண்டாம். சின்னக் கல்லில் இயற்கை எது, வளர்த்தது எது என்று கண்ணால் சொல்ல முடியாது, பில்லில் 'லேப்' என்று அச்சாக வேண்டும்.

என்னைக் கேட்டால் அம்மா வழியிலோ மாமியார் வழியிலோ ஒரு பழைய பேசரி இருந்தால் அந்தக் கல்லைப் பெயர்த்துப் புதிதாகப் பதிக்கலாம். உங்கள் ராயலசீமாவில் முதல் மழை விழுந்ததும் வஜ்ரகரூர், ஜொன்னகிரி வயல்களில் ஜனங்கள் குனிந்து வைரம் தேடுகிறார்கள். அப்படிக் கிடைத்தால் எல்லாவற்றிலும் நல்லது, ஆனால் மனைவியிடம் அதை நம்பித் தேதி சொல்லாதீர்கள்.

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி: கே.டி.எம். செயின் கழுத்தில் போட்டால் விஷம் என்கிறார்களே?

கே.டி.எம். என்றால் கேட்மியம் கலந்த பொடியால் பற்ற வைத்து இணைத்த நகை. போடுபவருக்குப் பயமில்லை. கேட்மியம் 767 டிகிரியில் ஆவியாகிவிடும், தங்கம் உருகவே 1,064 வேண்டும். ஆகவே பற்ற வைக்கும்போது புகை பத்தரின் நுரையீரலுக்குப் போகிறது, சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதனால்தான் அது கைவிடப்பட்டது. உங்கள் செயினை உருக்கக் கொடுத்தால் 'கே.டி.எம்.' என்று பத்தரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், காற்றோட்டமாக வைத்து உருக்குவார்.

பலமனேரியிலிருந்து ஒரு வாசகி: பழைய பட்டுப்புடவைக்காரர் அம்மாவின் கல்யாணப் புடவைக்குப் பணம் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

அவருக்கு வேண்டியது ஜரிகையில் இருக்கும் வெள்ளி. நல்ல ஜரிகை என்றால் வெள்ளி இழையின்மேல் மெல்லிய தங்க முலாம். புடவையை எரித்து அதை எடுப்பார். உடல் இற்றுப்போய், மடிப்பில் கையை வைத்தாலே கிழிகிறது என்றால் கொடுங்கள், ஆனால் எடை தெரிந்து பேரம் பேசுங்கள். உடல் நன்றாக இருந்தால் பார்டரைப் பிரித்துப் புதுப் பட்டில் வைத்துத் தைக்கலாம், பாவாடை தைக்கலாம். பாலியெஸ்டர் ஜரிகையாக இருந்தால் அவரே திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார், அதுவே சோதனை.

வி.கோட்டாவிலிருந்து ஒரு வாசகர்: மகள் 'நகையே வேண்டாம், கல்யாணத்துக்கு செட் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன்' என்கிறாள். ஊர் சிரிக்குமா?

ஊர் எப்படியும் சிரிக்கும், ஐயா. வாடகை செட் பித்தளையோ செம்போ, மேலே முலாம். முலாம் பட்டறைக் கழிவும் தண்ணீரைக் கெடுப்பதுதான். ஆனால் ஒரே செட்டை நூறு பெண்கள் போடுகிறார்கள், அதனால் எனக்குச் சம்மதம். கொக்கி, பின், கல் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் டெபாசிட் திரும்பாது. நிக்கல் ஒவ்வாத தோலென்றால் ஒரு நாள் முன்பே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சம்பந்தி வீட்டில் மட்டும் நிச்சயத்தன்றே சொல்லிவிடுங்கள், மணமேடையில் யாராவது அத்தை எடையைத் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தால் தாலி கட்டுவதற்குள் பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும்.