நீர் போன வழியே போனால் ஆலை தெரியும்

வாசகர் கேள்விகள்

காட்டுப் பாதையில் சிறிது தூரம் நடந்து, ஓடை நீரால் சக்கரத்தைச் சுழற்றித் தானியம் அரைத்த, இன்று இடிந்துபோன பழைய நீராலைகளைப் பார்த்துத் திரும்பும் எளிய நடைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

கேள்வி: எழுபதை நெருங்கும் என் தாயாரையும் ஏழு வயது மகனையும் அழைத்துச் செல்ல நினைக்கிறேன். பாதை தொடங்கும் இடத்திலுள்ள பலகையில் ‘எளிய பாதை, 2 கிலோமீட்டர், அரை மணி நேரம்’ என்று எழுதியிருக்கிறது. நம்பலாமா?

பதில்: தூரத்தை நம்பலாம், நேரத்தை நம்ப வேண்டாம். இத்தகைய கணக்குகள் பல இடங்களில் ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த விதியை ஒட்டியே போடப்படுகின்றன. மணிக்கு 5 கிலோமீட்டர் வீதம் நடைக்கும், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் என்பது அதன் இன்றைய வடிவம். 2 கிலோமீட்டர் தூரமும் 60 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு இந்த விதிப்படி சரியாக அரை மணி நேரம்தான் வரும். ஆனால் அது உடல் திடமானவர் எங்கும் நிற்காமல் நடப்பதற்கான நேரம். காளானைக் கண்டால் குந்தி உட்கார்ந்துவிடும் சிறுவனோடும், மூட்டுவலியுள்ள தாயாரோடும் நடப்பவர் அதை இரண்டால் பெருக்கிக்கொள்வது நல்லது.

பலகை சொல்லாத இன்னொன்றும் உண்டு. நீராலை என்பது ஓடையை விட்டு விலகி இருக்க முடியாதது. ஓடை பள்ளத்தில் ஓடுவது. வண்டி நிறுத்தும் இடமோ பெரும்பாலும் மேட்டுச் சாலையில் இருப்பது. ஆகவே இந்த நடைகளில் மலைக்கோயிலுக்குப் போவதற்கு நேர்மாறாக, போகும்போது இறக்கமும் களைத்துத் திரும்பும்போது ஏற்றமும் அமையும். தாயாரின் தெம்பைப் பாதி வழியில் அல்ல, ஆலையை அடைந்த பிறகு கணக்கிடுங்கள்; அங்கே நன்றாக உட்கார்ந்து ஓய்வெடுத்த பின்னரே கிளம்புங்கள்.

எளிய பாதையில் வரும் விபத்துகள் பெரும்பாலும் பாதையில் நேர்வதில்லை, பாதை முடிந்த இடத்தில்தான் நேர்கின்றன. பழைய சுவர்களின் சுண்ணாம்புக் காரையை மழைநீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போயிருக்கும். வெளிப்பார்வைக்கு உறுதியாகத் தெரியும் சுவரில் கல்லின் மேல் கல் வெறுமனே உட்கார்ந்திருக்கக்கூடும். வளைவின் உச்சிக் கல்லில் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஆசையை மகனிடம் மட்டுமல்ல, பெரியவர்களிடமும் தடுக்க வேண்டும். உதிர்ந்த இலைகள் சமமாக மூடியிருக்கும் நீள்பள்ளம், நீர்ச்சக்கரம் சுழன்ற சக்கரக்குழியாக இருக்கலாம் என்பதால் கைத்தடியால் ஊன்றிப் பார்க்காமல் அதில் கால் வைக்கக் கூடாது. பாசி படிந்த கற்களையும், மழை பெய்த மறுநாளையும் தவிர்த்துவிடுங்கள். காற்சட்டையின் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டால் உண்ணிகள் தொற்றுவது குறையும்.

கேள்வி: மனித வாடையே இல்லாத அடர்காட்டின் நடுவே போய் ஏன் ஆலை கட்டினார்கள்? தானியத்தை அவ்வளவு தூரம் சுமந்து வந்தவர் யார்?

பதில்: காட்டுக்குள் ஆலை கட்டவில்லை, ஆலை இருந்த இடத்துக்குக் காடு பின்னால் வந்து சேர்ந்தது. ஆலை ஓடிய நாளில் அதைச் சுற்றிப் பெரும்பாலும் வயலும் மேய்ச்சல் நிலமும் வண்டிப்பாதையும் இருந்தன. எரிக்கவும் கட்டவும் மரங்கள் வெட்டப்பட்டிருந்தன. உழவர்கள் வேறிடம் பெயர்ந்த பின் கைவிடப்பட்ட நிலத்தில் மரங்கள் முளைத்தன. இன்று நீங்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதை, மூட்டை ஏற்றிய வண்டிகள் போன சாலையாகவே இருக்கலாம். அதன் அகலத்தையும், இருபுறமும் கரை கட்டியிருப்பதையும், திடீரென்று ஏறாமல் மெல்ல இறங்கும் போக்கையும் கவனித்தால் அது தெரிந்துவிடும். சுற்றிலும் உள்ள மரங்கள் ஏறத்தாழ ஒரே பருமனில் இருப்பதும், நடுவே யாரோ நட்டது போல ஒரு பழமரமோ பூஞ்செடியோ நிற்பதும் இதற்குச் சாட்சிகள்.

ஆலைகள் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பது இன்று நம்புவதற்கு அரிது. இங்கிலாந்தில் 1086இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பில் சுமார் 6,000 ஆலைகள் பதிவாகியுள்ளன. அமெரிக்காவின் 1840ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் மட்டும் 65,000க்கும் மேற்பட்ட நீராலைகள் இருந்தன. ராபர்ட் வால்டர், டோரதி மெரிட்ஸ் என்ற இரு நிலவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சுட்டிக்காட்டி, அப்பகுதியின் ஓடைக்கரைகளில் காணப்படும் சமதளமான வண்டல் மேடுகள் இயற்கையாக உருவானவை அல்ல, பழைய ஆலையணைகளுக்குப் பின்னால் தேங்கிய சேறே என்று காட்டியது. ஆலைக்குச் சற்று மேலே, ஓடை செங்குத்தான மண்கரைகளுக்கு நடுவே ஆழமாக ஓடுவதைக் கண்டால், நீங்கள் நின்றுகொண்டிருப்பது வற்றிப்போன ஆலைக்குளத்தின் அடித்தளத்தின் மேல் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கேள்வி: நான்கு சுவர்களும் ஒரு குழியும் மட்டுமே எஞ்சிய ஆலையைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு திரும்பினோம். சக்கரம் எங்கே இருந்தது என்பதைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. எதைப் பார்த்திருக்க வேண்டும்?

பதில்: சுவரைப் பார்க்கத் தொடங்கியதுதான் பிழை, நீரிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். ஆலை என்பது ஒரு கட்டடம் என்பதைவிட ஒரு வாய்க்கால் என்று நினைத்துக்கொண்டால், அதன் பாதிக்கு மேல் இன்னும் காட்டுக்குள் இருப்பது தெரியும்.

இடிபாட்டிலிருந்து ஓடையின் ஓரமாக மேல்நோக்கிச் சில நூறு மீட்டர் நடந்து செல்லுங்கள். எங்காவது ஓடையின் குறுக்கே பெருங்கற்களின் வரிசையோ, கரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய சுவர்த் துண்டோ தென்படும். அதுதான் தடுப்பணை. அதன் ஒரு முனையில் மதகு இருந்த இடமாக, இரண்டு செங்குத்துக் கற்களில் பலகை செருகுவதற்கான காடி வெட்டப்பட்டிருக்கும். அங்கிருந்து ஒரு பள்ளம் புறப்படும். ஓடை கீழே கீழே இறங்கிப் போக, அந்தப் பள்ளம் மட்டும் மலைச்சரிவை ஒட்டி ஏறத்தாழ மட்டமாகவே நகரும். இலை மூடி, நடுவில் மரமே முளைத்திருந்தாலும் அந்த மட்டம் காட்டிக்கொடுத்துவிடும், ஏனெனில் இயற்கையான ஓடை எதுவும் அப்படி ஓடாது. ஓடைக்கும் வாய்க்காலுக்கும் இடையில் கூடிக்கொண்டே போகும் அந்த உயர வேறுபாட்டைச் சேர்த்துவைக்கத்தான் அணை, மதகு, வாய்க்கால் எல்லாமே. ஆலைக்காரர் தானியத்தை அரைத்தது அந்த உயரத்தைக் கொண்டுதான்.

வாய்க்கால் ஆலையை எந்த உயரத்தில் வந்து சேருகிறது என்பதைப் பார்த்தால் சக்கரம் எத்தகையது என்பதும் தெரியும். கூரைக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தால் நீர் சக்கரத்தின் உச்சியில் விழுந்து, தொட்டிகளை நிரப்பி, எடையால் சுழற்றியிருக்கும். தரையோடு வந்தால் பலகைகளை அடியில் மோதித் தள்ளியிருக்கும். இந்த இரண்டில் எது சிறந்தது என்ற நெடுநாள் விவாதத்தை, ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர் சிறிய மாதிரிச் சக்கரங்களை வைத்துச் செய்த சோதனைகளால் தீர்த்து, 1759இல் முடிவுகளை வெளியிட்டார். மேலே விழும் நீர் அடியில் மோதும் நீரைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வேலையைத் தருகிறது என்று அவர் கண்டார்.

இனிக் குழிக்கு வருவோம். ஒடுங்கி நீண்டு, கல்பாவிய பக்கங்களோடு, சுவரை ஒட்டி அமைந்திருந்தால் அது சக்கரக்குழி. ஒரு விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பக்கச் சுவரைப் பாருங்கள். சாய்ந்துபோன பழைய சக்கரம் உராய்ந்த வில்வடிவக் கீறல்கள் சில இடங்களில் இன்றும் இருக்கின்றன. அந்த வளைவிலிருந்து சக்கரத்தின் விட்டத்தைக்கூட மதிப்பிடலாம். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீராக இருந்தால் அது படிந்து இறுகிய ஓடுகளும் கிடைக்கும். தென் பிரான்ஸில் பார்பெகால் என்ற இடத்தில் 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய ஆலைத் தொகுதி ஒன்று உண்டு; 16 சக்கரங்கள் இரண்டு வரிசைகளில் படிப்படியாக இறங்கும் அமைப்பு அது. மரச் சக்கரங்கள் எப்போதோ மறைந்துவிட்டன. ஆனால் அவற்றின் மேல் படிந்திருந்த சுண்ணாம்பு அடுக்குகளை ஆராய்ந்தவர்கள், ஆண்டுதோறும் சில மாதங்கள் அந்த ஆலை நிறுத்திவைக்கப்பட்டது என்று 2018இல் கண்டறிந்தனர். மரம் அழிந்தாலும் அதில் படிந்த நீரின் கணக்கு அழியவில்லை.

குழியே இல்லாமல், சதுரமான ஓர் அறையும் துருப்பிடித்த பெரிய இரும்புக் குழாயும் இருந்தால், அந்த ஆலை பிற்காலத்தில் டர்பைன் என்ற, நீரால் சுழலும் இரும்புச் சுழலிக்கு மாறியிருக்கும். பொறியாளர் பெனுவா ஃபூர்நேரோன் 1827இல் பிரான்ஸில் முதல் வெற்றிகரமான நீர் டர்பைனை இயக்கிக் காட்டிய பின், மரச் சக்கரங்களை அகற்றிவிட்டு டர்பைன் வைத்த ஆலைகள் பல.

சுவர்களை இப்போது பார்க்கலாம். உட்புறத்தில் ஒரே மட்டத்தில் வரிசையாக உள்ள சதுரத் துளைகள் உத்தரங்கள் நுழைந்த இடங்கள். ஒவ்வொரு வரிசையும் ஒரு மாடி. தானியம் உச்சி மாடிக்கு ஏற்றப்பட்டு, நடு மாடியிலுள்ள கற்களுக்குத் தானே சரிந்து இறங்கி, கீழே மாவாக மூட்டையில் விழுந்தது. இரும்புப் பகுதிகளை எடைக்கு விற்றுவிட்டதாலும், நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி இருக்கும் மரம் விரைவில் மட்கிவிடுவதாலும், எந்திரங்கள் இல்லாதது பற்றி வியப்பதற்கு ஒன்றுமில்லை. இலையுதிர் காடாக இருந்தால் இலை உதிர்ந்த பருவத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கோடையில் புதர் மறைத்த வாய்க்கால் முழுவதும் அப்போது கண்ணில் படும்.

கேள்வி: இடிபாட்டருகே ஓர் ஆலைக்கல் கிடந்தது. பல துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, இரும்புப் பட்டை கட்டியிருந்தார்கள். உடைந்ததை ஒட்டியதா?

பதில்: உடைந்ததை ஒட்டியது அல்ல; தொடக்கத்திலேயே அப்படித்தான் செய்யப்பட்டது. பாரிஸுக்குக் கிழக்கே லா ஃபெர்த்தே-சூ-ழுவார் என்ற ஊரைச் சுற்றிக் கிடைத்த, நுண்துளைகள் நிறைந்த மிகக் கடினமான கல் பெரிய பாளங்களாகக் கிடைப்பது அரிது. ஆகவே துண்டுகளைப் பொருத்தி, சாந்து பூசி, காய்ச்சிய இரும்புப் பட்டையை இறுக்கிக் கல்லாக்கினார்கள். வெள்ளை மாவு அரைக்க இதற்கு மிஞ்சியது இல்லை என்று கருதப்பட்டதால் கடல் கடந்தும் விற்கப்பட்டது.

கல்லின் முகத்தில் மையத்திலிருந்து விளிம்புக்கு ஓடும் பள்ளக் கோடுகளைக் கவனித்தீர்களா? திரிகையைப் போலவே கீழ்க்கல் அசையாது, மேற்கல் மட்டும் சுழலும். இரண்டின் பள்ளங்களும் கத்தரிக்கோலின் இரு அலகுகளைப்போல ஒன்றையொன்று கடந்து தானியத்தை நறுக்கி, மாவை வெளியே தள்ளும். தேய்ந்துபோகும் பள்ளங்களை உளியால் அவ்வப்போது கொத்திக்கொண்டே இருக்க வேண்டும். கற்கள் ஒன்றையொன்று தொட்டுவிடவும் கூடாது. தொட்டால் மாவு கருகும், தீப்பொறியும் பறக்கும். காற்றில் பரவிய மாவுத்தூளில் தீப்பொறி பட்டால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவின் மினியாபொலிஸில் 1878 மே 2 அன்று வெடித்துச் சிதறிய வாஷ்பர்ன் ‘ஏ’ ஆலை சான்று. அதில் 18 பேர் இறந்தனர். மீண்டும் கட்டப்பட்ட அந்த ஆலையும் 1991இல் தீக்கிரையாகி, அந்த இடிபாட்டுக்குள் இன்று ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. கல்லுக்குப் பதில் எஃகு உருளைகள் வந்ததும், நீருக்குப் பதில் நீராவி வந்ததும்தான் ஓடைக்கரைச் சிற்றாலைகளை மூடவைத்தன.

கேள்வி: ஓடைக்கரையில் நாங்கள் கண்ட கட்டடத்துக்கு மூன்று பக்கம் மிகத் தடித்த கற்சுவர், ஆற்றைப் பார்த்த நான்காவது பக்கத்தில் சுவரே இல்லை. அது மட்டும் ஏன் விழுந்தது?

பதில்: அது மாவாலையாக இருக்க வாய்ப்பில்லை. வெடிமருந்து அரைத்த ஆலைகளை அப்படித்தான் கட்டினார்கள். மூன்று பக்கம் கனத்த கல். ஆற்றுப் பக்கம் வேண்டுமென்றே இலேசான மரத்தடுப்பும் இலேசான கூரையும். வெடித்தால் அதன் வேகம் பக்கத்து ஆலைகளைத் தாக்காமல் ஆற்றின் மேல் போகட்டும் என்பது திட்டம். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் டூபான் குடும்பத்தினர் 1802இல் தொடங்கிய வெடிமருந்து ஆலைகளில் இந்த அமைப்பை இன்றும் பார்க்கலாம். அந்த நான்காம் பக்கத்துக்கு நேர் எதிரே வேலை செய்தவர்களின் கணக்கு அந்தத் திட்டத்தில் எங்கே இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

கேள்வி: ஆலைச் சுவரடியில் கிடந்த ஒரு பழைய செங்கல்லை நினைவாக எடுத்து வந்துவிட்டேன். தவறா?

பதில்: ஆம். பல இடங்களில் சட்டப்படியும் குற்றம். எடுத்த இடம் நினைவிருந்தால் அடுத்த நடையில் அங்கேயே வைத்துவிடுங்கள். நினைவில்லையென்றால், எந்தச் சுவரடியில் கிடந்தது என்பதை ஒரு தாளில் எழுதி, செங்கல்லோடு சேர்த்து அந்த இடத்தைப் பராமரிப்பவர்களிடம் ஒப்படையுங்கள்.