2 ஜிபி ரேம் மட்டுமே உள்ள பழைய கணினியை எப்படிச் சமாளிப்பது?

உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தாலே கணினி உறைந்துவிடுகிறது என்றும், ரேம் எப்போதும் நிறைந்தே இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே அளவு ரேம் கொண்ட மடிக்கணினியில்தான் நான் இன்றும் எழுத்து வேலைகளைச் செய்கிறேன்.

ரேம் நிறைந்திருப்பதை மட்டும் வைத்துக் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. அண்மையில் படித்த கோப்புகளை இயங்குதளம் அங்கே தேக்கி வைத்திருக்கும்; நிரல்கள் கேட்டால் அந்த இடத்தை உடனே விட்டுக்கொடுத்துவிடும். நிரல்களுக்கு உண்மையிலேயே வேண்டிய இடம் ரேமின் அளவைத் தாண்டி, அதன் பகுதிகளை வன்தட்டில் எழுதுவதும் மீண்டும் படிப்பதுமாக இயங்குதளம் அல்லாடத் தொடங்கும்போதுதான் கணினி உறைகிறது. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி போதும். சுழலும் வன்தட்டிலிருந்து எடுக்க 10 மில்லி நொடி ஆகலாம், அதாவது ஒரு லட்சம் மடங்கு. ஆகவே ரேம் எத்தனை விழுக்காடு நிறைந்திருக்கிறது என்பதைவிட, வன்தட்டு ஓயாமல் ஓடுகிறதா என்பதைக் கவனியுங்கள்.

இதனாலேயே 'ரேமைச் சுத்தம் செய்யும்' மென்பொருள்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் பல, பயன்பாட்டில் இருக்கும் பகுதிகளையும் வன்தட்டுக்குத் தள்ளிவிட்டு எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுகின்றன. அடுத்த சொடுக்கிலேயே அவற்றைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். ரேமில் இடம் போதாதபோது விண்டோஸ் தகவல்களை எழுதி வைக்கும் வன்தட்டுக் கோப்பான பேஜ் ஃபைலை அடியோடு நிறுத்திவிடுவதும் வேண்டாம். இடம் தீர்ந்ததும் நிரல்கள் பாதி வேலையில் மூடிக்கொள்ளும்.

பெருந்தீனிக்காரன் உலாவிதான். இன்றைய உலாவிகள் பாதுகாப்புக்காக வெவ்வேறு தளங்களைத் தனித்தனிச் செயல்முறைகளாக இயக்குவதால், சும்மா திறந்து கிடக்கும் டேப் கூட இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு ரேம் எடுக்கிறது என்ற பட்டியல் வரும். அதைப் பார்த்த பிறகு எதை மூடுவது என்று யாரையும் கேட்க வேண்டியிராது. விளம்பரத் தடுப்பான் ஒன்றைச் சேர்த்தால், விளம்பரங்கள் மிகுந்த பக்கங்களில் சுமை கண்கூடாகக் குறையும்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவத் தயக்கமில்லை என்றால், எல்எக்ஸ்க்யூடி போன்ற எளிய மேசைத்தளத்தை (திரையில் தெரியும் சாளரங்களும் பட்டியல்களும் கொண்ட இடைமுகத்தை) தேர்ந்தெடுத்து, இசட்ரேம் வசதியை இயக்குங்கள். அது தகவல்களை வன்தட்டுக்கு அனுப்பாமல் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும். அதனால் செயலிக்குச் சற்றுக் கூடுதல் வேலைதான், ஆனாலும் வன்தட்டுக்காகக் காத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல். விண்டோஸ் 10 இத்தகைய சுருக்கத்தைத் தானாகவே செய்கிறது. ஆனால் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி வேண்டும்.

செலவு செய்ய முடிந்தால் முதலில் ரேமைக் கூட்டுங்கள். ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4 என வகைகள் உண்டு; டிடிஆர்3 இருக்கும் இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது என்பதால் வகையையும், கணினியின் தாய்ப்பலகை ஏற்கும் உச்ச அளவையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தால் வன்தட்டை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போடுங்கள். ரேம் போதாமை தீராது, ஆனால் உறைந்து நிற்கும் நேரம் பெருமளவு குறையும். இவ்வளவும் செய்தாலும் 2 ஜிபியில் காணொளிக் கூட்டத்தில் பேசிக்கொண்டே வேறு பக்கங்களையும் திறந்து வைப்பது கடினம். அந்த வேலையைக் கைப்பேசிக்கு மாற்றிவிடுங்கள்.