பவளத்தொட்டியில் வண்ண நத்தைகள்: டர்பன் வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்டேசியா என்னும் தொல்லைக் கடற்சாமந்தியை ஒழிக்க, அதைத் தின்னும் பெர்கியா நத்தை இரண்டு வாங்கி விட்டேன். ஒரு வாரமாகக் கண்ணிலேயே படவில்லை. ஏன்? (சாட்ஸ்வொர்த்)

தொட்டி எத்தனை லிட்டர், உள்ளே என்னென்ன மீன்கள் என்று எழுதாமல் காரணம் கேட்டால் நான் ஜோதிடம்தான் பார்க்க வேண்டும். பெர்கியா இரவில் நடமாடும் உயிர். பகலில் தேடிப் பயனில்லை. ஆறுகோட்டு ராஸ் மீனோ பெப்பர்மின்ட் இறாலோ இருந்தால் அவற்றின் வயிற்றில் தேடுங்கள். 200 லிட்டர் தொட்டிக்கு எட்டுப் பத்தாவது விட வேண்டும். ஐப்டேசியா தீர்ந்ததும் அவற்றுக்கு வேறு உணவு கிடையாது. அதே தொல்லையுள்ள நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள்.

லெட்டூஸ் நத்தையும் நியூடிபிராங்க் என்ற ஓடில்லாக் கடல்நத்தை வகைதானே? (பீனிக்ஸ்)

இல்லை. அது பாசியின் சாற்றை உறிஞ்சி, அதிலுள்ள பச்சையத்தைத் தன் உடலில் வைத்துக்கொள்ளும் வேறொரு வகை. நல்ல வெளிச்சமும் பிரயோப்சிஸ் போன்ற பாசியும் வேண்டும். நத்தை உறிஞ்சப்படாமலிருக்க, நீரோட்டப் பம்பான பவர்ஹெட்டின் வாயை நுரைப்பஞ்சால் மூடுங்கள்.

கறுப்பு உடலில் நீல மேடுகளும் மஞ்சள் முனைகளும் கொண்ட நத்தை ஒன்று வாங்கினேன். பாசி தின்னும் என்றார் கடைக்காரர். மூன்று வாரத்தில் பாதியாகச் சுருங்கிவிட்டது. என்ன உணவு கொடுக்கலாம்? (டொங்காட்)

கொடுக்க உங்களிடம் எதுவும் இல்லை. வர்ணனையைப் பார்த்தால் அது ஃபில்லிடியா. அது தின்பது பாசியன்று, கடற்பஞ்சு. அதுவும் எல்லாக் கடற்பஞ்சையும் தொடாது; அந்தந்த இனத்துக்கென்று சில வகைகள் உண்டு, அவை நம் வீட்டுத் தொட்டிகளில் அநேகமாக வளர்வதில்லை. ஆகவே அது சுருங்கியது நோயால் அன்று, பட்டினியால். கடையிலேயே அது பட்டினி கிடந்திருக்கும். நிறத்தைக் கண்டு மயங்கி வாங்குவோரும், கேட்டதற்கெல்லாம் "பாசி தின்னும்" என்று சொல்லி விற்போரும் இருக்கும்வரை இக்கடிதம் மாதந்தோறும் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கும். பட்டினியைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. மிரண்டாலோ சாகும் தறுவாயிலோ ஃபில்லிடியாவின் சளியிலிருந்து நஞ்சு நீரில் கலக்கும். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு விற்பனையாளர் பேச்சை நம்பி ஒன்றை வாங்கினேன். ஒரு விடியற்காலையில் தொட்டியில் ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. இன்றே அதைத் தனித் தொட்டிக்கு மாற்றி, கால்பங்கு நீரையும் மாற்றி, புதிய கார்பன் (வடிகட்டிக் கரி) போடுங்கள். இனப்பெயரும் உணவும் தெரியாத நத்தையை வாங்காதீர்கள்.

சொட்வானாவில் ஸ்பானிஷ் டான்சர் நத்தையைப் பார்த்தேன். ஒன்றைப் பிடித்து வளர்க்கலாமா? (வெருலம்)

கூடாது. சொட்வானா விரிகுடா, 1999 முதல் உலக மரபுச் சின்னமாக இருக்கும் இசிமங்கலிசோ பூங்காவைச் சேர்ந்தது. தவிர, 40 செ.மீ. வரை வளரக்கூடிய அதுவும் கடற்பஞ்சு தின்னிதான். மேலே டொங்காட் வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள்.

மின்வெட்டு நேரத்தில் நத்தைகள் தாங்குமா? (இசிபிங்கோ)

இரண்டரை மணி நேர மின்வெட்டுக்கு, பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று போதும்.

மான்டிபோரா பவளம் ஓரத்திலிருந்து வெளுத்து வருகிறது. அடியில் அரிசிமணியைவிடச் சிறிய வெள்ளை நத்தைகள் ஒட்டியிருக்கின்றன. செம்பு மருந்து ஊற்றலாமா? (சாட்ஸ்வொர்த்)

ஊற்றினால் நத்தையோடு பவளமும் போகும். அவை பவளத்தையே தின்னும் நியூடிபிராங்குகள். பவளத்தை வெளியே எடுத்து, பவளத்துக்கேற்ற மருந்துநீரில் முக்கினால் நத்தைகள் உதிரும். முட்டைகள் அதற்கு மசியா. அவற்றைப் பல்துலக்கியால் சுரண்டி எடுத்து, வாரம் ஒரு முறையாக நான்கைந்து வாரம் முக்குங்கள். புதுப் பவளத்தைத் தனித் தொட்டியில் வைத்துக் கவனிக்காமல் நேரே உள்ளே விட்டிருப்பீர்கள் என்பதை நீங்கள் எழுதாமலே ஊகிக்க முடிகிறது.