‘பேபி அல்பாகா’ என்றால் குட்டியின் முடியா?

தி.நகரில் வாங்கிய சால்வையில் ‘பேபி அல்பாகா’ என்று போட்டிருக்கிறது, அது குட்டியின் முடியா, இங்கே அல்பாகா வளர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அல்பாகா என்பது தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதியில் முடிக்காக வளர்க்கப்படும், ஒட்டகக் குடும்பத்து விலங்கு.

குட்டியின் முடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பெயர் வயதை அல்ல, இழையின் நுண்மையைக் குறிக்கிறது: சுமார் 22 மைக்ரான் தடிமன் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வளர்ந்த விலங்கின் முதுகிலும் விலாவிலும்கூட அந்த மென்மை கிடைக்கும். 30 மைக்ரானைத் தாண்டிய இழைகள் நிறையக் கலந்தால் தோலில் குத்தும்.

அதனால் ஆண்டுக்கு ஒருமுறை முடி கத்தரிக்கும் நாள் ரொம்ப முக்கியம். முதுகு, விலா முடி ஒரு குவியல், கழுத்து முடி தனி, கால், வயிறு முடி வேறு. இதில் அசட்டையாக இருந்தால் அப்புறம் சரிசெய்வது கஷ்டம். பெருவில் பெண்கள் விரலால் தொட்டே தரம் பிரிக்கிறார்கள். அந்தக் கைத்திறன்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அல்பாகாவின் உறவு விலங்கான லாமாவுக்கு மேலே முரட்டு முடி, அடியில் மென்முடி. முரட்டு முடியை நீக்கினால்தான் நல்ல நூல் வரும்.

சென்னையில் வளர்ப்பதா? வேண்டாம். ஆண்டீஸ் மலைக் குளிருக்குப் பழகிய உயிர், நம் புழுக்கத்தில் வதைபடும். சால்வையைக் குளிர்ந்த நீரில் கசக்காமல் அலசி, நிழலில் விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் இழுபட்டு நீண்டுவிடும்.