இரவு மாத்திரையை யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 29. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. அக்காதான் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தாள். அப்போது 47 கிலோ இருந்தேன், இப்போது 76. உயரம் 155 சென்டிமீட்டர். எடையைக் குறைத்த பிறகு குழந்தை பற்றி யோசிக்கலாம் என்கிறார் டாக்டர். மாமியாரோ தைக்குள் நல்ல செய்தி வேண்டும் என்கிறார். மாத்திரையால்தான் உடம்பு போடுகிறது என்று வாரத்தில் இரண்டு நாள் இரவு டாக்ரோலிமஸை விட்டுவிடுகிறேன். மூன்று மாதத்தில் 20 கிலோ குறைய வழி சொல்லுங்கள்.

பதில்: 20 கிலோவைப் பிறகு பார்க்கலாம். இரவு மாத்திரையை யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயமூட்டியது அந்த வரிதான்.

உடம்பு போட்டதற்கு டாக்ரோலிமஸ் முக்கியக் காரணம் அல்ல. ஆரம்ப மாதங்களில் தந்த ஸ்டீராய்டு, நோய் தீர்ந்ததும் திரும்பிய பசி, 'பிள்ளை தேறட்டும்' என்று வீட்டில் ஊட்டிய நெய்ச்சோறு, இவற்றைச் சொல்லுங்கள். டாக்ரோலிமஸ்தான் அந்தக் கல்லீரலை உங்கள் உடம்பு எதிர்க்காமல் காக்கிறது. எதிர்ப்பு தொடங்கினால் முதலில் வலிகூடத் தெரியாது. ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். அதை அடக்க அதிக அளவில் ஸ்டீராய்டு ஏற்றுவார்கள். எந்த எடைக்குப் பயந்து மாத்திரையை விட்டீர்களோ, அது இன்னும் ஏறும்.

உங்கள் அக்கா நோயாளி அல்லள். நன்றாக இருந்தவள் வயிற்றைக் கிழிக்கக் கொடுத்துவிட்டுப் படுத்தாள். அவள் தந்ததை வாரத்தில் இரண்டு நாள் காவலில்லாமல் விட உங்களுக்கு உரிமை இல்லை. கடுமையாகத்தான் சொல்கிறேன். மாமியாரின் தை மாதத்தைவிட அக்காவுக்குப் பட்ட கடன் பெரிது.

டாக்டர் சொன்னது நியாயம்தான். உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 31-க்கு மேல்; நம் நாட்டவருக்கு 25-ஐ எட்டினாலே உடல் பருமன். மாற்றுக் கல்லீரலோடு கருத்தரிப்பவர்களுக்கு ரத்த அழுத்தம், குறைப்பிரசவ ஆபத்து ஏற்கெனவே கூடுதல். மாத்திரைகள் சர்க்கரையையும் ஏற்றும். பருமனும் சேர்ந்தால் எல்லாம் இன்னும் கூடும். முதலில் நாலைந்து கிலோ குறைந்தாலே சர்க்கரையும் அழுத்தமும் இறங்கத் தொடங்கும். சோற்றைக் குறைத்து, பருப்பும் முட்டையும் காயும் கூட்டி, தினமும் நடங்கள். பட்டினி வேண்டாம். இளைக்க வைக்கும் பொடி, லேகியம் எதையும் தொடாதீர்கள், கல்லீரலைக் கெடுத்துவிடும்.

இந்த வாரமே உங்கள் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை டாக்டரிடம் போய், மாத்திரையை விட்டதை மறைக்காமல் சொல்லிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருந்துச் சீட்டில் மைக்கோபினோலேட் (அதுவும் எதிர்ப்பை அடக்கும் மாத்திரைதான்) இருந்தால் அதைப் பற்றியும் கேளுங்கள். அது கருவை ஊனப்படுத்தும். கருத்தரிப்பதற்குக் குறைந்தது 6 வாரம் முன்பே டாக்டர் மாற்றித் தர வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை கருத்தடையும் தொடரட்டும்.

கடிதம் முழுக்கத் தேடினேன், கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டாக்டரிடம் அவரையும் அழைத்துப் போங்கள். தை கணக்கு நடக்காது என்று தன் அம்மாவிடம் சொல்ல வேண்டியவர் அவர்தான்.