மின்வெட்டோடு போகும் பைத்தான் கட்டளைகள்

கேள்வி: உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறேன். மஸ்கெலியாவில் ஒரு பயிற்சி நிலையத்தின் விண்டோஸ் கணினியில் பைத்தான் என்ற நிரல்மொழி பழகுகிறேன். முன்பு எழுதிய ஃபங்ஷனை, அதாவது பல வரி கொண்ட நிரல் துண்டை, மேல் அம்புக்குறியால் மீட்டால் வரி வரியாகத்தான் வருகிறது. மின்சாரம் நின்றால் எல்லாமே போய்விடுகிறது. ‘ஹிஸ்டரி மென்பொருள்’ போட்டுத்தர 4,500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி, ஒரு சதம்கூட. பைத்தான் இலவசம். அதன் கட்டளை வரலாற்றை, அதாவது முன்பு அடித்த கட்டளைகளின் பதிவை, சீராக்கும் கருவியும் இலவசம். இணையத்தில் சும்மா கிடைப்பதைப் பென்டிரைவில் ஏற்றி, தோட்டத்துப் பெற்றோரின் நாட்சம்பளத்தில் கைவைக்கும் இடைத்தரகர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பாடத்திட்டத்தில் பைத்தானைச் சேர்த்தவர்கள் அதை ஒழுங்காக நிறுவிய கணினிகளையும் மலையகப் பாடசாலைகளுக்குத் தந்திருந்தால் இவர்களுக்கு இங்கே என்ன வேலை?

தவறு உங்களுடையது அல்ல. பத்து வரி ஃபங்ஷன் என்றால் பத்து வரியும் ஒன்றாகத் திரும்பி வரவேண்டும். கட்டளை வரலாறு அப்படித்தான் நடக்கவேண்டும். விண்டோஸில் பழைய பைத்தான் திரை அப்படிச் செய்யாது, சன்னலை மூடினால் எதையும் வைத்திருக்கவும் செய்யாது. 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பு முழுத் துண்டையும் ஒரே அழுத்தில் மீட்டுத்தருகிறது.

ஆனால் அடிக்கடி மின்சாரம் நிற்கும் இடத்தில், பைத்தான் கட்டளைகளை அடித்து இயக்க உதவும் ஐபைத்தான் என்ற இலவசக் கருவியைத்தான் சொல்வேன். ஒவ்வொரு கட்டளையையும் அது உடனுக்குடன் வட்டில் உள்ள தரவுத்தளத்தில் எழுதிவிடும். விண்டோஸின் கட்டளைச் சன்னலில் ‘பிப் இன்ஸ்டால் ஐபைத்தான்’ என்பதை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். இணைய இணைப்பு அந்த ஒரு முறை போதும். விண்டோஸ் 7 கணினியில் 3.13 ஏறாது. அங்கே பைத்தான் 3.8 போட்டு, அதன்மேல் ஐபைத்தானை நிறுவலாம்.

பயிற்சி நிலையக் கணினியில் பலர் ஒரே விண்டோஸ் கணக்கில் உட்காருகிறீர்கள் அல்லவா? இதைக் கவனமாகக் கேளுங்கள். அங்கே வரலாறும் ஒன்றுதான். நீங்கள் அடித்தது அடுத்தவருக்கு மேல் அம்புக்குறியில் வரும். மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கட்டளைக்குள் அடித்தால் அதுவும் மறைக்கப்படாமல் அப்படியே கிடக்கும். திரையைத் துடைத்தாலும் போகாது, சன்னலை மூடினாலும் போகாது. கடவுச்சொல் தேவைப்படும் நிரலில், அதைக் கேட்டு வாங்கப் பைத்தானிலேயே உள்ள ‘கெட்பாஸ்’ வசதியைப் பயன்படுத்துங்கள். அதற்கு அடிக்கும் எழுத்துகள் திரையிலும் தெரியாது, வரலாற்றிலும் ஏறாது. உங்களுக்கெனத் தனி விண்டோஸ் கணக்கு கேளுங்கள். அதை உருவாக்க ஐந்து நிமிடம் ஆகாது, ‘அனுமதி வரவேண்டும்’ என்று இழுத்தடித்தால் விடாதீர்கள்.

இன்னொன்று. வரலாற்றில் நீங்கள் அடித்த வரிகள் மட்டுமே இருக்கும், மாறிகளின் மதிப்புகள் இருக்காது. மின்சாரம் திரும்பியதும் வரிகளை மீட்டு மறுபடியும் இயக்கவேண்டும். ஆகவே பரீட்சைக்குச் செய்யும் பயிற்சிகளைத் தொடக்கத்திலிருந்தே ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொரு ஃபங்ஷன் முடிந்ததும் கன்ட்ரோல் எஸ் அழுத்துங்கள்.